மேடு

மார்கழிக் கடைசியில் தூலூஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் ஒரு காலத்தில் திண்டுக்கல்லில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். 'எழுத்து'வின் பழைய இதழ்களைத் தேடிப்பிடித்து, ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் படித்த நாட்கள் அவை. முப்பது வருஷத்துக்கு மேலாக அவன் பிரான்ஸில் இருக்கிறான். ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் விடுகிறான். கடிதம் முழுக்க அதுதான். ஏறியும் இறங்கியும் போகும் கோதுமை வயல்கள், நடுவில் காடுகள், குன்றுக்குக் குன்று ஒரு பழைய கோட்டை, இதற்கெல்லாம் ஊடாக 'கனால் டு மிடி' என்ற கால்வாய். 240 கிலோமீட்டர் நீளம். 1681-இல் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். கட்டிய ரிக்கே அதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துபோனார். கரையோரம் நின்ற ப்ளேன் மரங்களை ஒரு பூஞ்சை நோய் பிடித்து, 2006-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள் என்றும் வருத்தத்தோடு எழுதியிருந்தான்.

நொரூஸ் என்ற இடத்தைப் பற்றி ஒரு பக்கம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 190 மீட்டர்தான். ஆனால் அங்கேதான் நீர் பிரிகிறது. ஒரு பக்கம் விழுந்த துளி அட்லாண்டிக்குக்குப் போகிறது, மறுபக்கம் விழுந்தது மத்தியதரைக் கடலுக்கு. கால்வாய் அந்த மேட்டைத் தாண்டியாக வேண்டும். மேட்டின் உச்சியில் தண்ணீர் ஏது? ரிக்கே கறுப்பு மலையின் ஓடைகளைத் திரட்டி அந்த உச்சிக்கே கொண்டுவந்து சேர்த்தார். அதுதான் அவருடைய சாதனை. அங்கே அவருக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. சைக்கிளை அதில் சாய்த்துவிட்டு ரொட்டி தின்றதாக எழுதியிருந்தான்.

கடைசி வரி இது: 'நீயும் ஒரு காலத்தில் நன்றாகச் சைக்கிள் விடுவாய். அங்கே விட என்ன இருக்கிறது, பொட்டல்தானே.'

அவன் கேலியாக எழுதவில்லை. அதனால்தான் உறுத்தியது. இன்னொரு காரணமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு கவிதையில் ஒரு கால்வாய் வருகிறது. அதன்மேல் பனிமூட்டம், இரு கரையிலும் உயர்ந்த மரவரிசை. நல்ல படிமம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அந்தக் கால்வாய் மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து எனக்குக் கிடைத்தது. பேரணையில் வைகையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் என் வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதன் கரையில் நான் நின்றதில்லை. அவன் பொட்டல் என்று சொன்னதை நான் என் எழுத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன் என்பதுதான் விஷயம்.

தை பிறந்த பிறகு ஒருநாள் விடிகாலையில் கிளம்பினேன். கியர் இல்லாத பழைய ஹெர்குலஸ். புது டயர் மட்டும் போட்டிருந்தது. உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவன் கோட்டைக்கு ஒரு கோட்டை, காட்டுக்கு ஒரு காடு, கால்வாய்க்கு ஒரு கால்வாய். திரும்பி வந்து பட்டியல் அனுப்புவது.

கோட்டைக்குக் கஷ்டமில்லை. ஊரின் பெயரே திண்டு மாதிரிக் கிடக்கும் அந்தக் கல்தான். 1605-இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பிய கோட்டை. 1755-இல் இங்கே பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர்களின் உதவியோடு ஆயுதச்சாலை ஒன்றை அமைத்தார் என்பது சரித்திரம். நண்பனுக்குச் சொல்ல இது நன்றாக இருக்கும் என்று தோன்றியது. உங்கள் ஆட்கள் எங்கள் கோட்டைக்கு வந்துதான் வேலை பார்த்தார்கள் என்று. 1790-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1792 உடன்படிக்கையில் அவர்களுக்கே சொந்தமாயிற்று. மேலே இருக்கும் கோயிலில் மூர்த்தி இல்லை. அம்மன் இறங்கி ஊருக்குள் வந்துவிட்டாள். சின்ன வயதில் அந்த வெறும் கருவறைக்குள் எட்டிப் பார்த்தபோது வந்த பயம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் எங்கும் எழுதவில்லை. எழுதியது பனிமூட்டத்தை.

ஊரை விட்டு வெளியேறும்போது தோல் ஷாப்புகளின் வாடை வந்தது. பஸ்ஸில் போகிறவன் அதை ஒரு நிமிஷம் மூக்கைப் பிடித்துக் கடந்துவிடுவான். சைக்கிளில் அது ஒரு தூரம், அதை மிதித்துத்தான் கடக்க வேண்டும். தோல் பதனிட்ட கழிவுநீர் இறங்கி இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் பல உப்பாகிவிட்டன. சில தோட்டங்களில் தென்னை மட்டைகள் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. இதை என் பட்டியலில் எதற்கு எதிரே எழுதுவது என்று தெரியவில்லை. பட்டியல் முதலில் இங்கேதான் ஆட்டம் கண்டது.

மதுரை ரோட்டில் சின்னாளப்பட்டி வரை இடது கைப்பக்கம் சிறுமலை கூடவே வந்தது. காடு என்றால் அதுதான். கிட்டப் போகப் போக நீலம் பச்சையாகி, பச்சைக்குள் பாறை தெரிந்தது. மலையடிவாரத்துப் பன்னீர் திராட்சைப் பந்தல்கள் அங்கங்கே. காந்திகிராமத்தின் வாசலில் டீ குடித்தேன். 1947-இல் தொடங்கிய இடம், 1976 முதல் பல்கலைக்கழக அந்தஸ்து. அங்கிருந்து மேற்கே திரும்பி ஆத்தூர் ரோடு. சின்னாளப்பட்டியில் ஒரு தெருவில் இன்னும் தறிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கோட்டைக் கல். ஒவ்வொரு தடவையும் வேறு வடிவமாக, ஒருமுறை திண்டு, ஒருமுறை படுத்த மாடு, பிறகு வெறும் மேகம்.

ஆத்தூருக்கு மேற்கே பழனி மலைகளின் அடியில் காமராஜர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் குடித்த தண்ணீர் இதுதான். இந்த நீரெல்லாம் குடகனாற்றுக்குரியது. குடகனாறு வடக்கே ஓடி, வேடசந்தூர் தாண்டி அமராவதியில் விழுந்து காவிரிக்குப் போகிறது. 1977 வெள்ளத்தில் இதன்மேல் கட்டிய அணை ஒன்று உடைந்தது. மேலே வாய்க்காலில் திருப்புவதா, கீழே ஆற்றில் விடுவதா என்று சமீப வருஷங்களிலும் விவசாயிகளிடையே தகராறு. பொட்டல் என்று நாங்கள் இருவரும் சொன்ன இடத்தில் ஒவ்வொரு படி தண்ணீருக்கும் வழக்கு இருக்கிறது.

செம்பட்டி தாண்டியதும்தான் அது நடந்தது. எதிரே பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், காவியும் பச்சையுமாக, செருப்பில்லாத கால்களோடு. ரோடு நேராக, சமமாகத்தான் தெரிந்தது. ஆனால் சைக்கிள் நகரவில்லை. பெடல் கனத்தது, மூச்சு வாங்கியது. டயரில் காற்று இறங்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகு வயதைச் சந்தேகித்தேன். பெக்கெட்டின் 'மொல்லாய்' (1951) நாவலில் கால் விறைத்துப்போனவன் ஊன்றுகோல்களைக் கட்டிவைத்துக்கொண்டு சைக்கிள் விடுவான். அதைப் படித்தபோது அபத்தத்தின் குறியீடு என்று குறிப்பு எழுதிவைத்தேன். இப்போது அது வெறும் தகவலாகத் தோன்றியது.

புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. நடுத்தர வயதுக்காரர். பின் டயரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"காத்து நல்லாத்தேன் இருக்குண்ணே."

"பின்ன ஏன் போக மாட்டேங்குது?"

"இது மேடுல்ல. கண்ணுக்குத் தெரியாது. மழ பேஞ்சாத் தெரியும்." கையை வடக்கே காட்டினார். "இங்கிட்டு விழுகுற தண்ணி குடகனாத்துக்குப் போயிரும்." தெற்கே காட்டினார். "அங்கிட்டு விழுந்தா மருதாநதி. செத்த மிதிச்சிட்டீகன்னா அப்புறம் அதுவா உருளும்."

மருதாநதி வைகையைச் சேர்ந்தது. அதாவது, நான் நின்றிருந்த இடத்தில் காவிரியும் வைகையும் பிரிகின்றன. நொரூஸ். நினைவுத்தூண் இல்லை, பலகை இல்லை, ஒரு புளியமரமும் காற்றடிக்கும் பம்பும்தான். இந்த வழியாக நான் பஸ்ஸில் நூறு தடவையாவது போயிருப்பேன். நண்பனும் போயிருப்பான். பூமி இங்கே முதுகை உயர்த்துகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததில்லை. காசு வாங்க மறுத்துவிட்ட அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எதிரே நடந்துபோனவர்களின் கால்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவர் சொன்னபடியே கொஞ்ச தூரத்துக்கெல்லாம் சைக்கிள் தானாக உருண்டது. அப்படியே வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தேன். இந்த ஊரை நம்மவர்கள் ஒருமாதிரி பக்தியோடு சொல்வது உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதி 1898-இல், இருபத்தாறு வயதில் இறந்துபோன ராஜம் அய்யர், 'மணிக்கொடி'யின் பி. எஸ். ராமையா, 'எழுத்து' சி. சு. செல்லப்பா, மூவரும் இவ்வூர்க்காரர்கள். எனக்கும் அந்தப் பக்தி உண்டு. ஆனால் அன்றைக்கு நான் யார் வீட்டையும் தேடவில்லை. கடைவீதியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ராமையாவையும் செல்லப்பாவையும் நினைத்துக்கொண்டேன். ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே தலைமுறை. ஒருவர் கதை சொல்லும் சுகத்தோடு நாடகத்துக்கும் சினிமாவுக்கும் போனார். மற்றவர் ஒரு படைப்பை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிற அலசல் விமர்சனத்துக்குப் போனார்; கையிலிருந்து பணம் போட்டு 1959 முதல் 1970 வரை ஒரு பத்திரிகை நடத்தினார்; புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அந்த அலசலை வறட்டு வேலை என்று நான் ஒரு காலத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். ரசனை இருந்தால் போதாதா, ஏன் இப்படி ஒவ்வொரு வார்த்தையையும் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று. பஞ்சர் கடைக்காரர் டயரை அமுக்கிய இரண்டு விரல்களை நினைத்தபோது அந்தக் கிண்டல் என்னிடமே திரும்பி வந்தது. சமமாகத் தெரிகிற ஒரு வாக்கியத்தில் எங்கே மேடு இருக்கிறது என்பது மெதுவாகப் போகிறவனுக்குத்தான் அகப்படும். அதற்குப் பாடுபடவும் வேண்டும்.

இரவு நிலக்கோட்டையில் தங்கினேன். மறுநாள் விடியும் முன்பே மல்லிகை மூட்டைகள் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. அங்கிருந்து பேரணை.

கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே அரபிக் கடலுக்குப் போக வேண்டிய பெரியாற்றைப் பென்னிகுவிக் அணைகட்டித் தடுத்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்டது 1895-இல். அந்தத் தண்ணீர் வைகையில் இறங்கி இங்கே வந்து பிரிகிறது. ரிக்கே மேட்டின் உச்சிக்குத் தண்ணீரைக் கொண்டுபோனது, படகு மேட்டைத் தாண்டுவதற்காக. இங்கே தண்ணீரே மேட்டைத் துளைத்து வந்திருக்கிறது, மதுரைச் சீமையின் வயல்களுக்காக. இரண்டையும் ஒப்பிட்டு எது பெரிது என்று சொல்லும் ஆசை அப்போது எனக்கு இல்லை. பட்டியல் போய்விட்டிருந்தது.

பனிமூட்டம் இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. கலங்கலான, வேகமான தண்ணீர். கரையில் கருவேல முள். ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிவிட்டுத் தானும் முங்கி எழுந்தார். தண்ணீரின் சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. என் கவிதையின் கால்வாயில் சத்தமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பார்க்காததை எழுதலாம், எழுதித்தான் ஆகவேண்டும். கற்பனைக்கு யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஆனால் நான் கற்பனை செய்யவில்லை. இன்னொருவன் பார்த்ததை வாங்கி, என் ஊருக்கு மேல் விரித்து, ஊரை மூடியிருந்தேன்.

தொகுப்பு ஒன்று கொண்டுவரலாம் என்று ஒரு நண்பர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கவிதையை எடுத்துவிட்டேன். அவருக்கு அதில் வருத்தம். தொகுப்பில் அதுதான் நல்ல கவிதை என்கிறார்.

தூலூஸுக்கு இன்னும் பதில் போடவில்லை. செம்பட்டிக்கு அப்பால் ஒரு மேடு இருக்கிறது என்பதோடு ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் எப்படி எழுதுவது என்று இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டாயிற்று.