கமலாவின் பக்கங்கள்

கமலாவை நான் முதலில் சந்தித்தது திருலோக சீதாராமின் தமிழில். ஹெர்மன் ஹெஸ்ஸே 1922-இல் ஜெர்மனில் எழுதிய ‘சித்தார்த்த’னை அவர் தமிழாக்கியிருந்தார். எங்கள் ஊர் வாடகை நூல் நிலையத்துப் பிரதி அது. காக்கி அட்டை போட்டு, ஓரமெல்லாம் யாரோ பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள். கோடுகள் எல்லாம் புத்தரும் ஓடக்காரன் வாசுதேவனும் வரும் இடங்களில். கமலாவின் பக்கங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. எனக்கோ மனசு அங்கேதான் நின்றது.

யோசிப்பதும் காத்திருப்பதும் பட்டினி கிடப்பதும் தவிர வேறொன்றும் அறியாத இளந்துறவி சித்தார்த்தன், பல்லக்கில் தோப்புக்கு வரும் தாசி கமலாவைப் பார்க்கிறான். கவிதை சொல்லி முத்தம் வாங்குகிறான். புத்தரிடமே சீடனாகச் சேராதவன் இவளிடம் பாடம் கேட்கிறான். கொடுக்காமல் இன்பம் பெற முடியாது என்பதுதான் பாடம்.

காவிரிப் படித்துறையில் இருட்டும்வரை இதையே பேசுவோம். அவள் வெறும் மயக்கம், தாண்டிப் போகவேண்டியவள் என்பார்கள் நண்பர்கள். நான் விடமாட்டேன். அவன் சொல்லாமல் போய்விட்டான் என்று தெரிந்ததும் அவள் ஆள் விட்டுத் தேடினாளா? ஜன்னலோரம் போய், தங்கக் கூண்டைத் திறந்து, பாடும் பறவையை எடுத்துப் பறக்கவிட்டாள். விடத் தெரிந்தவளுக்குத்தான் சந்தோஷம் என்னவென்று தெரியும் என்பேன்.

நூல் நிலையம் போய்விட்டது. அந்த நண்பர்களில் சிலரும் போய்விட்டார்கள். 1972-இல் இந்த நாவலைத் தழுவி வந்த படத்தில் சிமி கரேவால் கமலாவாக நடித்தார். ஆனால் என் கமலா, படித்துறையில் நாங்கள் பேசிப் பேசி உருவாக்கியவள்.

இந்த வயதில் என்னை இழுப்பது அவளுடைய முடிவு. தோப்பைப் புத்த பிக்குகளுக்குக் கொடுத்துவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு, மரணப் படுக்கையில் இருக்கும் புத்தரைத் தரிசிக்க நடந்து வருகிறாள். ஆற்றங்கரையில் பாம்பு தீண்டுகிறது. ஓடக்காரன் குடிசையில், சித்தார்த்தன் பக்கத்தில் இருக்க, உயிர் பிரிகிறது. புத்தர் முகம் காண வந்தவளுக்கு அவன் முகமே போதுமாக இருக்கிறது.

ஞானம் தேடும் கதைகளில் பெண்ணைத் தடையாக வைப்பது வழக்கம். ஹெஸ்ஸே அப்படிச் செய்யவில்லை. கடைசியில் நண்பன் கோவிந்தனிடம் தன் ஆசான்களைச் சொல்லும்போது சித்தார்த்தன் கமலாவையும் சேர்த்தே சொல்கிறான். நதிக்காக மட்டும் இந்த நாவலைப் படித்தவர்கள், இன்னொரு முறை கமலாவுக்காகப் படியுங்கள்.