எந்தக் காட்டிலும் பூக்காத பூ

சன்னலுக்கோ சுவருக்கோ பூப்போட்ட துணி கேட்டால், இன்று பல கடைகளில் ஒரு ‘கலம்காரி’யை எடுத்து விரிக்கிறார்கள். செங்காவி நிறத்தில் கருப்புக் கோடுகள், இடையே மஞ்சளும் நீலமுமாகக் காட்டுப்பூக் கொடிகள். அறைக்கு ஒரு களை வந்துவிடும், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயரில் இரண்டு வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. ஒன்று, ஆந்திரத்தில் மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் மரக்கட்டையால் அச்சுக் குத்தி, கடுக்காயும் படிகாரமும் கொண்டு நிறமேற்றியது. மற்றது, அதே பூவை ஸ்கிரீனில் ரசாயனச் சாயம் தேய்த்து இறக்கியது. பெடனா தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது ஸ்கிரீன் என்று பலரும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டப்படுவதே அதைவிடப் பெரிய அடி என்பது, அங்குள்ள பட்டறைகளைப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட முடிவு.

பட்டறையில் வேலையின் பெரும்பகுதி நிறமே இல்லாமல் நடக்கிறது. கஞ்சி போக அலசிய காடாத்துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு பின்னால் வரும் சாயத்தைப் பிடித்து நிறுத்தும். பால், கோடு கசியாமல் காக்கும். கருப்பு என்பது, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து வடித்த நீர். சிவப்பு வரவேண்டிய இடத்தில் குத்தப்படுவதோ படிகாரக் கரைசல். பிறகு துணியை ஓடும் வாய்க்கால் நீரில் அலசி, செப்பு அண்டாவில் சாயச் சரக்கோடு கொதிக்கவைக்கும்போதுதான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும்புகிறது. ஆக, அச்சுக் குத்துகிறவர் தன் சிவப்புப் பூவைக் குத்தும்போது பார்ப்பதில்லை. கையின் கணக்கை நம்பியே வேலை செய்கிறார். கோட்டுக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு கட்டை. எல்லாம் தேக்கில் செதுக்கியவை. கட்டையை நனைந்த திண்டில் ஒற்றி, துணிமேல் வைத்து, அதன் முதுகில் கையால் ஓங்கிக் குத்தவேண்டும். ஒரு நூல் விலகினாலும் கொடி ஒடிந்துபோகும். நாள் முழுக்க மேசைமேல் குனிந்தே நிற்கும் இந்த உழைப்பையாவது வாங்குகிறவர் ஓரளவு ஊகிக்கலாம். அலசுகிறவரின் உழைப்பை யாரும் நினைப்பதுகூட இல்லை. மிச்சமிருக்கும் படிகாரம் சரியாகப் போகாவிட்டால், சிவக்கக்கூடாத இடமும் சிவந்து துணியே வீணாகிவிடும்.

இந்தப் பூக்களைக் காட்டுப்பூ என்கிறோமே தவிர, இவை எந்தக் காட்டிலும் பூப்பவையல்ல. பாரசீகக் கொடியும் சீனப் பூவும் ஐரோப்பிய வணிகர் அனுப்பிய மாதிரிகளும் சோழமண்டலக் கரையில் கலந்து பிறந்தவை. துவைத்தாலும் சாயம் போகாத இந்தத் துணி, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளில் திரைச்சீலையாகவும் கட்டில் விரிப்பாகவும் இடம்பிடித்தது. அங்குள்ள கம்பளி, பட்டுத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டு 1759 வரை நீட்டித்தது. இங்கிலாந்து 1700இல் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் செய்தது. 1721இல் உடுத்துவதற்கும் வீட்டில் பயன்படுத்துவதற்குமே தடை விதித்தது. தடை ஒருபக்கம், களவு மறுபக்கம். 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இங்குள்ள சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைப் படிப்படியாக எழுதி அனுப்பினார். 1868இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் சிவப்பின் சாரமான அலிசரினைச் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். இன்று பெடனாவின் அண்டாக்களிலும் அந்த அலிசரின் விழுவதுண்டு. அதை மறைத்துவிட்டு எல்லாமே வேரும் பட்டையும்தான் என்று விளம்பரம் செய்வதும் பெயர் மோசடிதான். அதற்கு நான் பரிந்து பேசமாட்டேன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். கட்டை அச்சே ஒரு குறுக்குவழிதானே? காளஹஸ்தியில் மூங்கில் குச்சியால் கையாலேயே வரைகிறார்கள். அதன் பக்கத்தில் வைத்தால் பெடனாவின் வேலையும் பிரதி எடுப்பதுதான். பிரதியை இழிவென்றால் பெடனாவையும் சேர்த்தல்லவா ஒதுக்கவேண்டும்? உண்மை. அதனால்தான் பிரதி எடுப்பதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கட்டை அச்சு, கட்டை அச்சு என்றே விலை பேசி விற்கப்படுகிறது. ஸ்கிரீன் துணியும் அப்படியே விற்கட்டும், யாருக்கும் நட்டமில்லை. குறைந்த வருமானக்காரர் வீட்டுக்கும் பூ வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கட்டாயம் வேண்டும், அந்த வீட்டுக்காரர் ஸ்கிரீன் துணியை ஸ்கிரீன் விலைக்கு வாங்குவது நியாயமே. ஆனால் நடப்பது வேறு. கைவேலை என்ற பெயரைச் சொல்லி அவரிடம் கூடுதல் விலை வாங்குகிறார்கள். அதே சமயம், மலிவுச் சரக்கைக் காட்டிப் பெடனா அச்சுக்காரரின் கூலியை அமுக்குகிறார்கள். ஏமாறுகிறவர்கள் இருவருமே. இயற்கைச் சாயமும் தண்ணீரையும் விறகையும் தின்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. தின்னத்தான் செய்கிறது. அதைப் பசுமைத் தொழில் என்று நெற்றியில் எழுதி ஒட்டவேண்டியதில்லை. அதிலுள்ள வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும்.

மசூலிப்பட்டினம் கலம்காரிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கடைப் பலகையில் அந்தக் குறியீட்டுக்கு மதிப்பு வருவது வாங்குகிறவர் கையில்தான் இருக்கிறது. துணியைப் புரட்டிப் பாருங்கள். கொதியில் ஏறிய நிறம் பின்பக்கமும் தெளிவாகத் தெரியும். மேலோட்டமாகத் தேய்த்த அச்சு பின்னால் வெளிறியிருக்கும். கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை விலகலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியதோ தென்படும். பிறகு எங்கே, எதனால் அச்சிட்டது என்று கடைக்காரரைக் கேளுங்கள். அவர் மழுப்பினால், ஸ்கிரீன் துணிக்கு என்ன விலையோ அதற்குமேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.