ஆறாவது பல்

தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளுக்குப் பல் பரிசோதனைக்குப் போனால், முன்பல்லில் பழுப்புக் கறை இருக்கிற பிள்ளைகளைத்தான் ஆசிரியர்கள் முதலில் அழைத்து வருவார்கள். "நல்லா வெளக்கச் சொல்லுங்க டாக்டர், நாங்க சொன்னா கேக்கறதே இல்ல" என்பார்கள். பிள்ளை உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கும்.

பல் விளக்காததால் வந்த கறை இல்லை அது. இங்கே பாறை நிலம், போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது என்பது இந்தியத் தர அளவு. ஈறுக்குள்ளே பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமல் குறையோடுதான் உருவாகும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. ஆனாலும் குழாயில் வராத நாளில் போர் தண்ணீரையே குடிக்கும் வீடுகள் உண்டு.

அதனால் வகுப்பில் நான் முதலில் பிரஷ்ஷை எடுப்பதில்லை. "இது உன் தப்பு இல்ல" என்று எல்லாரும் கேட்கச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் அது. வெட்கப்படுகிற பிள்ளை வாயைத் திறக்காது. கறை போக வேண்டுமென்று செங்கல்பொடியும் கரியும் போட்டுத் தேய்க்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது, எனாமல்தான் தேயும்.

எல்லாக் கண்ணும் முன்பல்லிலேயே நிற்பதால், உண்மையில் ஆபத்தில் இருக்கிற பல்லை யாரும் பார்ப்பதில்லை. ஆறு வயது வாக்கில், கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழுந்து அது முளைப்பதில்லை. சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதில் சொத்தை விழுந்திருப்பதைக் காட்டினால் அம்மாக்கள், "விழுற பல்லுதானுங்களே டாக்டரம்மா, மறுபடி மொளைச்சிடுமில்ல?" என்கிறார்கள். முளைக்காது. ஆயுசுக்கும் அந்த ஒன்றுதான்.

மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் பிஸ்கட்டும் முறுக்கும் அதில் அப்பிக்கொள்ளும். முளைத்த புதிதில் மற்ற பற்களைவிடத் தாழ்வாக இருக்கும். நேராகப் பிரஷ்ஷை ஓட்டினால் அதன்மேல் படாது. கன்னப் பக்கமிருந்து குறுக்காக நுழைத்துத் தேய்க்க வேண்டும். பல்செட் மாதிரியில் காட்டுவதைவிட, பிள்ளையின் கையில் கண்ணாடியைக் கொடுத்து நடுப்பல்லிலிருந்து எண்ணச் சொல்வது நன்றாக மனதில் நிற்கிறது. ஒன்று, இரண்டு என்று போனால் ஆறாவது அதுதான். வயசும் ஆறு, வரிசையும் ஆறு. ஒரு பிள்ளை கண்டுபிடித்துக் கத்தினால் போதும், வகுப்பு முழுக்க வாயைத் திறந்துகொண்டு பக்கத்துப் பிள்ளையின் பல்லை எண்ணத் தொடங்கிவிடும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த நேரம் அது.

ஃபுளூரைடால்தான் கறை வந்தது, பிறகு ஃபுளூரைடு பேஸ்ட் எதற்கு என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். மிக நியாயமான கேள்வி. பல் உருவாகும்போது அளவுக்கு மீறி உள்ளே போகும் ஃபுளூரைடுதான் கெடுக்கிறது. முளைத்த பல்லின்மேல் படுகிற ஃபுளூரைடு சொத்தையைத் தடுக்கிறது. ஞானப்பல்லைத் தவிர மற்றவற்றின் எனாமல் எட்டு வயதுக்குள் ஏறக்குறைய உருவாகி முடிந்துவிடும். எனவே சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட், விழுங்காமல் துப்புகிறதா என்று பார்க்க ஒரு பெரியவர். துப்பிய பிறகு தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டியதில்லை.

வருடத்துக்கு ஒருநாள் முகாம் போட்டு, பிரஷ் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தினமும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பவர் வகுப்பாசிரியர்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் வாய் கொப்பளிக்கட்டும், பெற்றோர் கூட்டத்தில் இரவுப் பல் விளக்கலைப் பற்றிச் சொல்லுங்கள், ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கைபிடித்துத் தேய்த்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து. ஆறாவது பல்லில் கறுப்புக் கோடு தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே அனுப்பிவையுங்கள். சொத்தை ஆழமாகாதவரை பள்ளத்தை மூடிவிடலாம், ஊசிகூட வேண்டாம்.