கைப்பையில் விதை வேண்டாம்

மெல்போர்னில் மகளுக்குப் பிரசவம். சென்னை விமான நிலைய வாசலில், திண்டுக்கல் பக்கத்து விவசாயத் தம்பதியின் கைப்பையைப் பிரித்து மறுபடி அடுக்குகிறார் மனைவியின் அண்ணன் மகன். சிங்கப்பூருக்கு நான்கு மணி நேரம். அங்கே விமானம் மாறி, மேலும் ஏழெட்டு மணி நேரம். பெரிய பெட்டி வந்துசேரத் தாமதமானாலும் தவிக்கக் கூடாது.

சர்க்கரை மாத்திரை, மருத்துவர் சீட்டு, மூக்குக்கண்ணாடி, மாற்றுத்துணி, சால்வை, மகளின் முகவரி எழுதிய தாள் எல்லாம் கைப்பைக்குள் போகின்றன. பவர் பேங்க்கும் அதில்தான். பெரிய பெட்டியில் வைக்க அனுமதியில்லை. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் மட்டும் பெட்டிக்கு மாறுகிறது. கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலை விடமாட்டார்கள்.

அடியில் ஒரு துணி முடிச்சு. அவரை விதை.

"மக வீட்டுக் கொல்லையில ஊனத்தான்யா."

"2008ல நம்ம பப்பாளியை அழிச்ச மாவுப்பூச்சிக்கு மெக்சிகோ பக்கம்தான் சொந்த ஊரு, அத்தை. அப்படி எதுவும் அங்க நுழையக் கூடாதுன்னுதான் பார்க்கிறாங்க."

உணவு, விதை, மண் ஒட்டிய செருப்பு என எது இருந்தாலும், ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது படிவத்தில் குறிப்பிட்டுவிட வேண்டும். சொன்னால் பொருள் போகலாம், அபராதம் வராது, மறைத்தால் வரும்.

அத்தை முடிச்சை அவர் கையில் திணிக்கிறார். "ஆடியில நீயே ஊனு. தைக்கு வந்துடுவோம், கொடியில காய் இருக்கணும்."