கிணற்றடிப் படலையின் சாவி

பிறவியிலேயே கெட்டவனாக ஒரு பாத்திரத்தை அமைத்தால், அதை ஏற்று விளையாட என்ன இருக்கிறது? 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை வளர்க்கும் விளையாட்டு. அதன் 2014ஆம் ஆண்டு நடத்துநர் கையேடு தீயவர்களுக்கென்று தந்த இரண்டு வகைகளில் ஒன்று, தன் சத்தியத்தை முறித்த வீரன். எனக்கு அவனைத்தான் பிடித்தது. தெல்லிப்பழையில் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் மேடையேற்றிய ‘இராவணேசன்’ கூத்திலும் இராவணன் வெறும் அரக்கனல்லன். இரக்கம் கொள்ளவைக்கும் அரசன்.

ராத்தாவுடன் விளையாட நான் அமைத்த தீயவன், ஊர் அமானிதமாக ஒப்படைத்த நல்ல தண்ணீர்க் கிணற்றின் காவலன். அவன் பலத்தை எழுதுமுன் அவன் முறித்த வாக்கை எழுதினேன். வரட்சிக் காலத்தில், காய்ச்சலில் கிடந்த மகளுக்காக இரவில் ஒரு வாளி அள்ளினான். பிறகு அள்ளியதெல்லாம் விற்பதற்கு. அவனுக்கு மாயவாள் கொடுக்கச் சொன்னா ராத்தா. நான் கொடுத்தது ஒரு வாளியும் கிணற்றடிப் படலையின் சாவியும்தான்.