கையெழுத்து யாருடையது?

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் அக்காமாரிடம் எச்பிவி பற்றிப் பேச உட்கார்ந்தோம், தோழர்களே. ‘கர்ப்பப்பை வாய்’ என்றதும் சிரிப்பு, பிறகு மௌனம். பெரும்பாலோருக்கு வந்து தானே போகும் வைரஸ் இது. யார் ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல என்றோம்.

“பிள்ளைக்கு ஊசி போடச் சொல்லுதிய, சரி. எங்களுக்கு?” என்றார் ஓர் அக்கா.

முப்பது தாண்டினால் பரிசோதனை. திண்டுக்கல் மாவட்ட ஆய்வில், வினிகர் அமிலம் தடவிப் பார்த்தே இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது.

கம்மத்தையும் மறைக்கவில்லை. 2009இல் அங்கே பழங்குடிச் சிறுமிகள் பலருக்கு விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்திட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. சிறுமிகளின் சாவுக்கு ஊசி காரணமென்று விசாரணை சொல்லவில்லை. ஊசி தேவைதான், 9 முதல் 14 வயதுக்குள். ஆனால் நம் பிள்ளைகள் உடம்பென்றால் அனுமதியை யாரும் கொடுத்துவிடலாமா?

மாதிரிப் படிவத்தை நீட்டினோம். “மொதல்ல எம்மக வாசிக்கட்டும்” என்றார் அக்கா. அவள் சத்தமாக வாசித்தாள்.