வளைவு வீச்சு

தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஒரு மூங்கில் கோல். அதில் ஒரு நரம்பு. நரம்பின் முனையில் முள். முள்ளில் ஒரு மண்புழு. கட்டிய ஈயக்குண்டு முன்னே பறக்க, நரம்பு அதன் பின்னே போகும். நான் இங்கே சொல்ல வந்த தூண்டில் வேறு வகை. அதன் முள்ளில் சேவலின் கழுத்திறகைச் சுற்றிய பொய் ஈ ஒன்று இருக்கும். அந்த ஈக்கு எடை இல்லை என்றே சொல்லலாம். எடை முழுவதும் கயிற்றில் இருக்கிறது. ஆகவே இங்கே கயிறுதான் பறக்கிறது. ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. எறிவது என்பதைவிட, சாட்டை வீசுவது என்பதே இதற்குப் பொருந்தும்.

இத்தூண்டில் டிரவுட் என்னும் மீனுக்கு உரியது. அம்மீன் நம் நாட்டது அன்று. குளிர்ந்த, தெளிந்த நீரில் மட்டுமே வாழும். மலைத்தோட்டங்களை அமைத்த வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்காக அதைக் கடல் கடந்து கொண்டுவந்தனர். 1882இல் இலங்கையின் நுவரெலியா மலைக்கு அதன் முட்டைகள் வந்தன. நீலகிரியில் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. எங்கள் மூணாற்று மலைகளின் மேல்நிலை ஓடைகளிலும் அம்மீன் குடியேறிற்று. துரைமார் தூண்டில் வீசினர். எங்கள் முன்னோர் அவர்களுக்குப் பை சுமந்தனர்.

என் ஊர் சித்திரபுரம். மூணாற்றுக்குக் கீழே, பள்ளிவாசல் மின்நிலையத்தை அடுத்தது. 1940இல் ஓடத் தொடங்கிய அந்நிலையமே கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம். எங்கள் குடும்பம் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணிலிருந்து போடி வழியாக மலையேறி வந்தது. என் தாத்தா துரைமாரின் பையைச் சுமந்தே வீச்சைக் கண்ணால் கற்றவர். அவரிடமிருந்து என் பெரியப்பா கற்றார். தேயிலைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பது அவர் வேலை. சீட்டு வாங்கி மீன்பிடிக்க வரும் விருந்தினருக்கு வழிகாட்டவும் அவரைத்தான் அழைப்பார்கள்.

சித்திரபுரத்து ஓடையில் டிரவுட் இல்லை. ஆயினும் நான் வீச்சு கற்றது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவார். முள்ளை நீக்கிவிட்டு, கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கயிற்று முனையில் கட்டி, விளையாட்டுத் திடலின் புல்மேல் வீசச் சொல்வார். முதற்பாடம் நேர்வீச்சு. கயிறு பின்னால் சென்று முழுதும் நீண்ட பிறகே கோலை முன்னே கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தை அளக்க அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. “எலே, மனசுக்குள்ள ‘முருகா’ன்னு சொல்லி முடி. அப்புறம் முன்னால வா” என்பார். கயிற்றை நீட்டினால் ‘முருகா, முருகா’ ஆகிவிடும். நீளம் கூடினால் காலம் கூடும் என்ற உண்மையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

நேர்வீச்சு வந்தபின் வளைவு வீச்சு. நேராகப் போகும் கயிற்றை வளைப்பானேன்? ஓடை எங்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் விரைவு, பாறை மறைவில் அமைதி. மீன் அமைதியில் நிற்கும். நாம் அடுத்த கரையில் நிற்போம். நேராகக் கிடக்கும் கயிற்றை நடு நீர் இழுக்கும். கயிறு ஈயை இழுக்கும். உண்மையான ஈ நீரோடு மிதக்குமே தவிர, நீரைக் கிழித்து ஓடாது. மீன் ஐயுற்று விலகிவிடும். வளைந்து விழுந்த கயிறோ, வளைவு நிமிரும் வரையில் ஈயை விட்டுவைக்கிறது. அந்தச் சில நொடிகள் போதும். மேலும், மீனின் கண்ணுக்கு ஈ முதலில் வரவேண்டும். கயிறு பின்னால் வரவேண்டும்.

வளைவு இரண்டு வகை. இரண்டுக்கும் கோலைத் தலைக்கு மேலே வீசாமல், பக்கவாட்டில் படுக்கவைத்து வீச வேண்டும். அப்போது கயிற்றின் மடிப்பும் தரைக்கு இணையாகப் படுத்தபடி விரியும். தேவைக்கு மேல் விசை கொடுத்துச் சட்டென்று கோலை நிறுத்தினால், மடிப்பு விரிந்த பிறகும் மிஞ்சிய வேகத்தால் ஈ சுழன்று அப்புறம் போய் விழும். விசையைக் குறைத்தால், மடிப்பு முழுதும் விரியுமுன் கயிறு ஓய்ந்து இப்புறமே விழும். நேர்வீச்சில் குறை என்று எண்ணப்படும் தளர்ந்த வீச்சு, இங்கே வேண்டிச் செய்யும் கலையாகிவிடுகிறது.

பெரியப்பா இதை எனக்குக் கற்பித்தது இரண்டே வாக்கியங்களில். “ஓங்கி வீசினா இடது. சோம்பி வீசினா வலது.” எனக்கு அது போதுமாயிருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை கோலைக் கேட்டாள். வயது 12. அவள் இடக்கைக்காரி. பெரியப்பா அதே இரண்டு வாக்கியங்களைச் சொன்னார். அவள் ஓங்கி வீசினாள். கம்பளி நூல் வலப்புறம் விழுந்தது. சோம்பி வீசினாள், இடப்புறம் விழுந்தது. “தாயி, கோலை இந்தக் கைக்கு மாத்து” என்றார் பெரியப்பா. அவள் முகம் வாடிற்று. எழுதும்போதும் உண்ணும்போதும் கேட்டுச் சலித்த சொல் அல்லவா அது!

நான் புல்மேல் கயிற்றை மடித்துக் கிடத்திக் காட்டினேன். “இடது வலது இரண்டையும் மறந்துவிடு. ஈ எப்போதும் கோல் இருக்கும் பக்கத்திலிருந்து புறப்படுகிறது. விசை மிஞ்சினால் எதிர்ப்பக்கம் தாண்டும். விசை குறைந்தால் கோலின் பக்கமே தங்கும். எந்தக் கைக்கும் இதுதான் விதி” என்றேன். மடிப்பு விரிய விரிய, ஓடும் பகுதி குறைகிறது. இருந்த ஆற்றல் அந்தச் சிறு பகுதியில் சேர்கிறது. சாட்டை நுனி வெடிப்பதும் இதனால்தான் என்றும் சொன்னேன். பெரியப்பா தாமும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கோலைத் தம் இடக்கையில் வாங்கி ஒருமுறை வீசிப் பார்த்தார். வலப்புறம் விழுந்தது. “அட, ஆமாலே!” என்று சிரித்தார்.

ஆனால் காரணம் சொன்னதோடு என் வேலை முடிந்தது. எவ்வளவு விசை மிஞ்ச வேண்டும், எந்தக் கணத்தில் மணிக்கட்டை நிறுத்த வேண்டும் என்பதை என் விதி அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கைமேல் தம் கையை வைத்துப் பெரியப்பாதான் அதைச் சொன்னார். காரணம் மட்டும் அறிந்தவன் கையைப் பழக்க முடியாது; கைப்பழக்கம் மட்டும் உடையவன் தன்னைப் போன்ற கைக்கே கற்பிக்க முடியும். நாம் ஆய்வுக்கூடத்தில் கற்பதற்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

வருகிற தை மாதம் பெரியப்பாவுக்கு 58 நிறைகிறது. தோட்டத் தொழிலாளிக்கு வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. லயத்தைக் காலி செய்துவிட்டுச் சங்கரன்கோவில் பக்கம் போய்விடுவதாகச் சொல்கிறார். அவர் அங்கே பிறந்தவரல்லர். அந்தக் கரிசலில் ஆண்டு முழுதும் ஓடும் ஓடையும் இல்லை. மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் வாய்மொழியாகவும் கைவழியாகவும் வந்த வித்தையை எந்த ஏட்டிலும் யாரும் எழுதிவைக்கவில்லை. துரைமார் பிடித்த மீனுக்கு எடை குறித்தார்கள். பை சுமந்தவன் கற்றதை யார் குறித்தார்கள்?

கோலை அவர் என் தங்கைக்குக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அவள் திடலில் வீசுகிறாளாம், இடக்கையாலேயே. நான் செய்யக்கூடியது, அவர் சொன்னவற்றை அவர் சொன்ன தமிழிலேயே எழுதிவைப்பது. இந்தப் பக்கங்களில் அதைத் தொடங்கியிருக்கிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா இருப்பார். அவர் கையிலும் ஏதேனும் ஒன்று இருக்கும். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.